காக்க வருவார்மேல் கை ஓங்குவதோ?

நோய் தீர்க்கும் இடத்தில் தீர்ப்பவரையே அடித்து வீழ்த்தும் கொடுமை தமிழ்நாட்டில் இன்று புதுமையன்று. 2024 நவம்பர் 13ஆம் நாள், சென்னைக் கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், புறநோயரைப் பார்த்துக்கொண்டிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, முன்பு அங்கு மருத்துவம் பெற்ற பெண்ணின் மகன் கத்தியால் பன்முறை குத்தினான். மருத்துவர் உயிர் பிழைத்தார். 2012 சனவரியில் தூத்துக்குடிப் பெண் மருத்துவர் ஒருவர்க்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. தம்மிடம் மருத்துவம் பெற்று இறந்துபோன கருவுற்ற பெண்ணின் கணவனால் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2023 மே 10ஆம் நாள் கேரளத்துக் கொட்டாரக்கரையில், காயத்திற்குக் கட்டுப்போடக் காவலர் அழைத்துவந்த ஒருவனால், பயிற்சியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கத்தரிக்கோலால் குத்துண்டு மாண்டார். அதற்கெனக் கைதானவன் ஒரு பள்ளியாசிரியன் என்பதை, ஆசிரியனாகிய யான் நாணத்தோடே எழுதுகின்றேன்.

குருதி சிந்தியமையால் இவை செய்தியாயின. குருதி சிந்தாதவை எத்தனை? நள்ளிரவில் செவிலியரைப் பிடித்துத் தள்ளுவது, நாற்காலியைத் தூக்கியெறிவது, கண்ணாடிக் கதவை உடைப்பது, வாயில் வந்த இழிசொல்லையெல்லாம் ஒரு பெண்ணின் முகத்திற்கு நேரே கொட்டுவது ஆகிய இவையெல்லாம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவ்விரவின் பணிக்குறிப்பில்கூட அவற்றிற்கு இடமில்லை. கொல்கத்தாவில் ஆர்.சி. கர் மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகத்து 9ஆம் நாள் பணியிலிருந்த பெண் மருத்துவர் கெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பின்னர், இந்திய மருத்துவச் சங்கம் நாடளாவ வினாத்தாள் விடுத்துக் கேட்டது. விடையளித்த 3,885 மருத்துவருள் மூவர்க்கு ஒருவர்க்கு மேற்பட்டோர் இரவுப் பணியில் தமக்குக் காப்பில்லை என்றனர். 45 விழுக்காட்டினர், இரவில் தங்குவதற்கென ஓர் அறைகூடத் தமக்கு இல்லை என்றனர். மருத்துவர்க்கே இந்நிலையெனின், அவர்க்குக் கீழ் நின்று உழைக்கும் செவிலியர், ஊர்தி ஓட்டுநர், உதவியாளர், துப்புரவுப் பணியாளர் நிலையை எவர் கேட்டார்?

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுவதை நம் அன்பர்கள் அறிவர். நோயுற்றவனும் தீர்ப்பவனும் மருந்தும் மட்டுமல்லாது, அருகிருந்து உழைப்பவனையும் நான்காவதாக வைத்து எண்ணினார் வள்ளுவர். உழைச்செல்வான் என்பது அவர் இட்ட பெயர். இன்று முதலடி விழுவது இந்நான்காமவன் மேல்தான். மருத்துவர் உள்ளறையில் இருப்பார். வாயிலில் நிற்பவன், தள்ளுபடுக்கையைத் தள்ளுபவன், ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் நிற்பவள் உழைச்செல்வார் ஆவர்.

அவருள்ளும் மருத்துவமனைச் சுவரின் காவல்கூட இல்லாதவர் 108 ஊர்தியிற் செல்வோர். 2008 செபுத்தம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய இத்தொண்டில், ஓர் ஊர்திக்கு ஓர் ஓட்டுநர், ஒரு மருத்துவ உதவியாளர் என இருவர் மட்டுமே செல்கின்றனர். குடித்தவர் அடித்துக்கொண்ட தெருவாயினும், சாலையில் பேருந்து கவிழ்ந்து இருநூற்றுவர் கூடிய இடமாயினும், காவலர்க்கு முன்னே போய்ச் சேர்பவர் இவ்விருவர்தாம். ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்னும் வினாவுக்கு முகங்கொடுக்க வேண்டியவரும் இவர்தாம்.

2025 ஆகத்து 18ஆம் நாள் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டில், அன்று எதிர்க்கட்சித் தலைவராயிருந்த எடப்பாடி பழனிச்சாமி பேசிய கூட்டத்தினூடே ஒரு 108 ஊர்தி வந்தது. தம் கூட்டத்தைக் குலைக்கவே நோயரில்லா ஊர்தியை வேண்டுமென்றே விடுகின்றனர் என்று சினந்த அவர், இனி அவ்வாறு வந்தால் ஓட்டுநரே நோயராக அதில் ஏற்றப்படுவார் என்னும் கருத்துப்பட மேடையிலேயே கூறினார். ஆறாம் நாள், 24ஆம் நாளிரவு, திருச்சி மாவட்டத்துத் துறையூரில் அவர்தம் கூட்டத்திற்கு வந்த கட்சியினர், மயங்கி விழுந்த ஒருவரை ஏற்ற வந்த 108 ஊர்தியை மறித்து அதிலிருந்தோரைத் தாக்கினர். உடனிருந்த உதவியாளர் ஒரு பெண். தலைவர் ஒருவர் மேடையில் சினத்தை அவிழ்த்துவிட்டால், அது கீழே இறங்கும்போது கையும் காலும் முளைத்தே இறங்கும். எக்கட்சியினர் செய்யினும் இதனை இப்படியே எழுதுவோம். அவர் ஐயம் மெய்யாகவே இருப்பினும், 108க்கு வரும் ஒவ்வோர் அழைப்பும் பதிவாகின்றது. எவர் அழைத்தார், எப்பொழுது அழைத்தார், எவ்வூர்தி சென்றது என்று எழுதிக் கேட்டு அறிந்திருக்கலாம்.

ஆளில்லா ஊர்தி என்று இகழப்பட்டதே, அதனை எண்ணிப் பாருங்கள். நோயரை ஏற்றிக்கொண்டு செல்லும் ஊர்தியில் மருந்துண்டு, மூச்சுக்காற்று உண்டு, கைபிடித்து நாடி பார்க்க ஆளுண்டு. நோயரில்லாது ஓடும் ஊர்தியோ எவ்வுதவியுமின்றி எங்கோ தரையிற் கிடக்கும் ஒருவரை நோக்கி ஓடுகின்றது. இரண்டனுள் முதலில் வழிவிட வேண்டுவது அதற்கேயன்றோ?

இத்துணையும் சொல்லிவந்தது எம் வட்டாரத்தைப் பற்றிப் பேசுதற்கே. 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, 2022 சனவரி 12ஆம் நாள் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றைப் பெற்றது. அதற்கு முன்பு சற்றுக் கடுமையான நோயெனின், விழுப்புரத்தையடுத்த முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ புதுவைச் சிப்மருக்கோ ஓடவேண்டும். முன்னிரண்டும் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். புதுவை நூற்றுக்கு மேல். கல்வராயன் மலைமக்களுக்கோ அவ்வோட்டம் கள்ளக்குறிச்சியிலிருந்து தொடங்குவதன்று. கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுச் சாலை ஒன்று. அதிலிருந்து உட்புறச் சிற்றூர்களுக்குப் பிரியும் மண்தடம் மற்றொன்று. தடமும் இல்லாத இடத்தில் துணியில் தூளி கட்டித் தோளிற் சுமந்து இறங்குவது இன்னொன்று. (இம்மக்களை ‘மலையாளிகள்’ என்று அரசேடுகள் குறிக்கும். அவர் பேசுவது தமிழே. மலையை ஆள்வோர் என்பதே பெயர்ப்பொருள். வெளியூர் அலுவலர் சிலர் அவரைக் கேரளத்தார் என்று மயங்கியதும் உண்டு.) அம்மலையில் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எந்நிலையில் உள்ளன என்று, 2024 சூலையில் சென்னை உயர்நயன்மன்றமே தானாக வழக்கெடுத்து அரசை வினவியது.

அவ்வழக்கிற்கு வித்திட்டது கருணாபுரக் கொடுமை. 2024 சூன் 18ஆம் நாளிரவு கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவருள் 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள்களில் கள்ளக்குறிச்சி மருத்துவமனையின் நெருக்கடிப் பிரிவு எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். படுக்கைதோறும் குடித்தவர், படுக்கைக்கு ஐவராக உறவினர், பக்கத்து மாவட்டங்களினின்று விரைந்து வந்த மருத்துவர். முதற் சாவுகள் நேர்ந்தவுடன், அவை சாராயத்தால் நேர்ந்தவையல்ல என்று மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்தோர் சொல்லிவிட்டனர். அச்சொல்லை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டோர் உளர். இறந்தவர் வீட்டுக்குச் சென்ற இடத்தில் அச்சாராயத்தையே குடித்தோரும் உளர் எனச் செய்திகள் வந்தன. காலந்தாழ்ந்து வந்தவரைக் காக்க முடியாதபோது, பழி சொன்னவர்மேல் விழுமா, ஊசி போட்டவர்மேல் விழுமா?

மெத்தனால் வேலை செய்யும் வகையை நம் மக்கள் அறிந்திருந்தால், பல இடங்களில் ஓங்கிய கை இறங்கியிருக்கும். அது குடித்த உடனே கொல்வதன்று. முதலில் வெறி மட்டுமே தரும். பின்பு ஈரலில் அது சிதைந்து பார்மிக் காடியாக மாறும். அக்காடியே கண்ணரம்பை அழிக்கின்றது. குருதியைப் புளிக்கச் செய்து மூச்சைத் திணற வைக்கின்றது. அம்மாற்றத்திற்குப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். ஆகலின் காலையில் எழுந்து பல்விளக்கியவன், ‘கண் மங்கலாக இருக்கிறது, வயிறு வலிக்கிறது’ என்று தானே நடந்து மருத்துவமனைக்கு வருவான். ஊசி போடுவர், குருதியைத் தூய்மை செய்யும் பொறியில் (டயாலிசிசு) சேர்ப்பர், மாலையில் மாண்டுவிடுவான். உறவினர் கண்ணுக்குத் தெரிந்தவை மூன்றே: நடந்து வந்தான், ஊசி போட்டார்கள், செத்தான்.

எலிப்பசை உண்டவர் நிலையும் அதுவே. மஞ்சட் பாசுபரசு கலந்த அப்பசையைத் தின்றவர் முதல் நாள் வாந்தியெடுத்து, மறுநாள் தெளிந்து, சிரித்துப் பேசி, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பர். ஈரல் கெடுவது அதன் பின்னரே. நன்றாயிருந்த பெண்ணை மருத்துவமனையில் வைத்துக் கெடுத்துவிட்டனர் என்று ஊரே திரண்டு வரும். மலையடிவாரத்தில் கட்டுவிரியன் கடியும் அப்படித்தான். உறங்குகையிற் கடிக்கும்; வீக்கமிராது; வலியும் பெரிதாயிராது. கடித்ததே தெரியாமல் விடியலில் இமை சரிந்து மூச்சு நிற்கும் நிலையில் தூக்கிவருவர். நச்சுமுறி மருந்து ஏற்றும்போதே சிலர்க்கு அம்மருந்து ஒவ்வாமல் நடுக்கம் வரும். நடுக்கத்தைப் பார்த்தவர் நஞ்சைப் பார்த்ததில்லை.

இவற்றையெல்லாம் உறவினர்க்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும். ‘இன்று நன்றாயிருக்கிறான், நாளை மறுநாள்தான் உண்மை தெரியும்’ என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லப்பட்டவன் மூன்றாம் நாள் அழுவானேயன்றி அடிக்க வாரான் என்பதே என் கருத்து. சொல்லுவோர் எவர்? எம்மொழியில் சொல்லுகின்றனர்?

முப்பதாண்டுக்கு மேல் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன் என்னும் உரிமையில் ஒன்று சொல்லுகின்றேன். நெருக்கடிப் பிரிவின் மொழி தமிழன்று. ‘கிரிட்டிகல்’ என்கின்றனர், ‘ப்ரோக்னோசிசு’ என்கின்றனர், ‘இரெஃபர்’ என்கின்றனர். ‘கேசுசீட்டில் சைன் பண்ணுங்க’ என்று நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது கைந்நாட்டு வைப்பவனுக்கும் தெரியாது. கையெழுத்திடத் தெரிந்த அவன் மகனுக்கும் தெரியாது. இறந்த செய்தியைக்கூட ‘எக்சுபயர் ஆயிட்டார்’ என்று சொல்லும் இளையரைக் கண்டிருக்கின்றேன். மருந்துப் புட்டியின்மேல் அச்சொல்லைப் பார்த்திருந்த பெண்ணொருத்தி, காலங்கடந்த மருந்து கொடுத்துவிட்டதாகக் கருதிக் கூக்குரலிட்டதும் உண்டு. ‘உயிர் பிரிந்துவிட்டது, அம்மா’ என்று சொல்ல எத்தனை நொடியாகும்? அவர்களைக் கடிந்து பயனில்லை. ஐந்தரை ஆண்டும் ஆங்கிலத்திலேயே கற்று, ஆங்கிலத்திலேயே எழுதித் தேறியவர்க்கு, சாவைத் தாய்மொழியிற் சொல்லப் பயிற்றியவர் எவருமிலர். தமிழ்வழி மருத்துவக் கல்வி வேண்டுமென்று நம்மனோர் கேட்டபோதெல்லாம் நகைத்தோர், அக்கல்வி இன்மையால் விளைந்த இடைவெளியில் இன்று மருத்துவர் நின்று அடிபடுவதையாவது காண்பாராக.

மொழி ஒன்றே முழுக் கரணியம் என்று நான் சொல்லவரவில்லை. கொட்டாரக்கரையிற் கொன்றவனுக்கு மொழி தெரியாமலா இருந்தது? குடிவெறியும் ஆணவமும், ‘நான் இன்னாரைத் தெரிந்தவன்’ என்னும் செருக்கும், பெண்ணென்றால் கை நீட்டலாம் என்னும் இழிவும் எம்மொழியிற் சொல்லினும் கேளா. அவற்றிற்குச் சட்டமே மருந்து. ஆனால் ஒரு கூட்டத்தில் அவ்வகைக் கயவர் இருவர் மூவரே இருப்பர். எஞ்சியோர் அஞ்சியும் கலங்கியும் நிற்கும் எளியவர். அவ்வெளியவர்க்கு ஒருவர் வந்து நேரே விளக்கிச் சொல்லிவிட்டால் கயவர்க்குப் பின்னே கூட்டமிராது. கூட்டமின்றி அவர்க்குத் துணிவுமிராது.

மற்றொன்று வரிசை. நாம் பங்கீட்டுக் கடையிலும் பேருந்திலும் பழகிய வரிசை முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது. நெருக்கடிப் பிரிவின் வரிசை வேறு. நேர்ச்சிக்கும் நெருக்கடிக்குமெனத் தமிழ்நாட்டரசு வகுத்த மருத்துவத் திட்டத்தில் வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூவகையாகப் பிரிக்கின்றனர். உயிர் ஊசலாடுவோர் சிவப்பு. காத்திருந்தால் கெடக்கூடியோர் மஞ்சள். காத்திருக்கக் கூடியோர் பச்சை. கை முறிந்து அலறுபவன் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருப்பான். ஓசையின்றிக் கிடப்பவன் சிவப்பு. அலறுபவனுக்கு மூச்சிருக்கின்றது; அதனாலன்றோ அலறுகின்றான்! இது மருத்துவர்க்குத் தெளிவு. அலறுபவனின் தம்பிக்கோ, தமக்குப் பின் வந்தவனைப் பணமோ சாதியோ பார்த்து முன்னே கொண்டுபோகின்றனர் என்றே தோன்றும். சாதி பார்த்துப் பழகிய ஊரில் அவ்வாறு தோன்றுவதில் வியப்புமில்லை.

இனி, அடிபடுவோர் இதனை எவ்வாறு தாங்குகின்றனர் என்று பார்ப்போம். என்னிடம் பயின்று இன்று பல ஊர்களில் செவிலியராகவும் ஊர்தி உதவியாளராகவும் இருப்போர் சிலர் சொல்லக் கேட்டவற்றையே எழுதுகின்றேன். கதவுக்கும் தமக்கும் இடையே ஆள் நிற்க விடாது, வெளியேறும் வழியைப் பார்த்தே நிற்பராம். சாவைச் சொல்லுமுன் காவலரை வரவழைத்து நிறுத்திக்கொள்வராம். கூட்டத்தில் மூத்தவர் ஒருவரையோ, அழாது நிற்கும் பெண் ஒருத்தியையோ கண்டறிந்து அவரிடம் மட்டும் பேசுவராம். ஊர்தியை எப்பொழுதும் திரும்பிச் செல்லும் முகமாகவே நிறுத்துவராம். எந்தப் பாடநூலிலும் இல்லாத இவற்றை மூத்தோர் இளையோர்க்கு வாய்மொழியாகவே சொல்லித் தருகின்றனர். பணி முடிந்து தேநீர்க் கடையில் நின்று நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொள்கின்றனர். அச்சிரிப்பு இல்லாவிடின் மறுநாள் வரமுடியாது என்றாள் ஒருத்தி. வீட்டில் மட்டும் சொல்லுவதில்லை. சொன்னால் ‘இந்த வேலை வேண்டா’ என்பர்.

முறையீடு கொடுப்போர் சிலரே. கொடுத்தால் காவல் நிலையத்துக்கு ஒருநாள், மன்றத்துக்குப் பலநாள். ‘உள்ளூர்க்காரன், விட்டுவிடு’ என்று சமன்பேச வருவோர் மேலிடத்திலும் உளர். அடித்தவன் மறுவாரம் தன் குழந்தைக்குக் காய்ச்சலென்று அவளிடமே வருவான், அவளும் பார்ப்பாள்.

இவையெல்லாம் தம்மளவில் தாங்கிக்கொள்ளும் வழிகள். நாட்டைக் கெடுக்கும் வழி ஒன்றுண்டு. அதனை அவர்கள் மெல்லிய குரலிலேயே சொல்லுகின்றனர். பிழைப்பது அரிதென்று தோன்றும் நோயரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாது மேலூருக்கு அனுப்பிவிடுவதே அது. தம்மிடம் செத்தால் அடி. வழியிற் செத்தால் விதி. சிற்றூர் மருத்துவ நிலையத்தில் இரவில் தனியாக இருக்கும் இருபத்தைந்து அகவை மருத்துவர் பெருமகளை, ‘துணிந்து மருத்துவம் பார்’ என்று எந்த வாயால் சொல்லுவது? நச்சுமுறி மருந்து கையிலிருந்தும், அது ஒவ்வாது போனால் சூழ நிற்கும் முப்பதின்மர் என்ன செய்வர் என்னும் அச்சத்தால் ஊர்தியை அழைக்கின்றார். வெள்ளிமலையிற் கடியுண்டவன் கள்ளக்குறிச்சிக்கு இறங்குகின்றான். அங்கும் ஓர் இரவுப் பணியாளர்; அங்கும் ஒரு கூட்டம். அங்கிருந்து மேலும் எண்பது கிலோமீட்டர். பாம்பு நஞ்சுக்குப் பொன்னான நேரமோ ஊர்தியின் விளக்கொளியிலேயே கரைகின்றது.

எனவே ஒரு மருத்துவர் கன்னத்தில் விழுந்த அடி அவரோடு நிற்பதன்று. அடித்தவன் தன் தமையனுக்காக அடித்தான். அவ்வடியின் பயனை அடுத்த திங்கள் வேறொருவன் தமையன் நுகர்கின்றான். பணமுள்ளோர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவர். அரசு மருத்துவர் அஞ்சி ஒதுங்குவதால் சாகின்றவர் கருணாபுரத்தாரும் கல்வராயன் மலையாருமே. மருத்துவர் எவரும் மலைக்குப் பணியேற்று வர விரும்பாத நிலைக்குச் சாலையும் குடியிருப்பும் இன்மை ஒரு கரணியம். இவ்வச்சம் மற்றொரு கரணியம்.

மருத்துவர் தவறே செய்வதில்லையா என்று கேட்பீர். செய்கின்றனர். சிலர் மதியாது பேசுகின்றனர். சிலர் வரவேண்டிய நேரத்துக்கு வருவதில்லை. அதற்கு ஏழை எங்கே போய் முறையிடுவது என்பது நேர்மையான வினா. காசு வாங்கும் மருத்துவமனைமேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்கிடலாம் என 1995இல் இந்திய உச்சமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லார்க்கும் கட்டணமின்றியே பார்க்கும் மருத்துவமனையை அத்தீர்ப்பு விலக்கிவைத்தது. அரசு மருத்துவமனையே கதியென்றிருப்பவனுக்கு அக்கதவும் அடைப்பட்டது. மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். ஆனால் எழுதத் தெரியவேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கேட்க ஆளில்லை என்னும் உணர்வு கூட்டத்தின் கையில் கல்லாகின்றது. 2022 சூலை 17ஆம் நாள் கள்ளக்குறிச்சியை அடுத்த கனியாமூரில் அக்கல்லையும் தீயையும் நாம் கண்டோம். அது பள்ளியின்மேல் விழுந்தது. நாளை எதன்மேல் விழும் என்பதைக் கல் அறியாது. ஆகவே மாவட்டந்தோறும், மருத்துவமனைச் சார்பற்ற மூத்த மருத்துவர் ஒருவரும் ஓய்வுபெற்ற நடுவர் ஒருவரும் பொதுமக்கள் சார்பில் ஒருவரும் அமர்ந்து, தமிழிலேயே முறையீட்டைக் கேட்டு, முப்பது நாளில் தமிழிலேயே எழுத்தில் விடைகூறும் அமைப்பு வேண்டும்.

சட்டத்திற்குக் குறையில்லை. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்றாண்டுக்குக் குறையாமலும் பத்தாண்டு வரையும் சிறை என்கின்றது. 108 ஊர்திப் பணியாளரைத் தாக்கினாலும் அதுவே பாயுமென 2025இல் அரசே எச்சரித்தது. அச்சட்டத்தைச் சுவரில் எழுதி வைத்த மருத்துவமனைகள் உள. அவ்வெழுத்தின் கீழேயே அடியும் விழுகின்றது. நடுவணரசோ, 2020 ஏப்பிரல் 22ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டத்தை அவசரமாகத் திருத்தி ஒறுப்பைக் கடுமையாக்கியது. அதற்கு மூன்று நாள் முன்னர்ச் சென்னையில் நடந்ததை எவர் மறப்பார்? கொள்ளைநோயால் இறந்த நரம்பறுவை மருத்துவர் சைமன் உடலைப் புதைக்க விடாது ஒரு கூட்டம் ஊர்தியை உடைத்து, ஓட்டுநர் மண்டையைப் பிளந்தது. உடன்பணி செய்த மருத்துவர் ஒருவர் பணியாளர் இருவரோடு இரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். தமிழர் நாகரிகம் பேசும் நாம் அவ்விரவை நினைந்து தலைகுனிய வேண்டும். கொல்கத்தாக் கொலைக்குப் பின் உச்சமன்றம் அமைத்த பணிக்குழு, தனி நடுவண் சட்டம் வேண்டியதில்லை, மாநிலச் சட்டங்களே போதும் என்றது. தில்லியை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை என்று நாம் சொல்லிவருவதற்கு இதுவும் ஒரு சான்று. நம்மிடம் இருப்பதை நாம் நடத்தினாற் போதும். அடிபட்டவர் தனியாய்ப் போய் முறையிடும் நிலையை மாற்றி, மருத்துவமனைத் தலைவரே அன்றிரவே முறையீடு கொடுத்தல் கடன் என்று ஆணையிடலாம். மன்றத்துக்குச் செல்லும் நாளைப் பணிநாளாக எண்ணலாம். சமன்பேச வரும் அரசியலார் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம்.

காவலர் எண்ணிக்கையைக் கூட்டுவதும், உடன் வருவோர்க்குக் கைப்பட்டை கட்டிக் கூட்டத்தைக் குறைப்பதும் வேண்டுவனவே. ஆயினும் அவற்றினும் முன்னதாக, ஒவ்வொரு நெருக்கடிப் பிரிவு வாயிலிலும் இரவும் பகலும், உறவினரிடம் பேசுவதொன்றே பணியாக ஒருவரை அமர்த்துக என்பது என் வேண்டுகோள். அவர் மருத்துவராயிருக்க வேண்டியதில்லை. நோயின் போக்கை மருத்துவரிடம் கேட்டு, மணிக்கொருமுறை வெளியே வந்து, நல்ல தமிழில், தாழ்ந்த குரலில், அமர்ந்து சொல்லத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும். தமிழ் படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் இளைஞர் எம் மாவட்டத்தில் எத்துணைப் பேர் என்பதை ஆசிரியர் அறிவர். அவர்க்கு ஆறு திங்கள் பயிற்சி கொடுத்தாற் போதும்.

அதுவரை, தமிழாசிரியர் செய்யக்கூடியதொன்று உண்டு. அவ்வாயிலில் வைக்க ஒரு பலகை எழுதிக் கொடுக்கலாம். நான் எழுதிப் பார்த்தது இது. திருத்த வல்லோர் திருத்துக:

“இங்கு முன்னே வந்தவர் முன்னே பார்க்கப்படுவதில்லை, உயிர்க்கு இடர் மிகுந்தவரே முன்னே பார்க்கப்படுவர். நஞ்சுண்டவரும் பாம்பு கடித்தவரும் முதலில் நன்றாயிருப்பது போலத் தோன்றலாம். நஞ்சின் வேலை பின்னரே தெரியும். நோயர் நிலையை மணிக்கொருமுறை உங்களில் ஒருவரிடம் சொல்லுவோம். அவர் பெயரை இப்பொழுதே எங்களிடம் சொல்லுங்கள். புரியாத சொல் எதுவாயினும் மீண்டும் கேளுங்கள், மீண்டும் சொல்லுவோம்.”